ஊரே உட்கார்ந்த நாற்காலி

குஷன் அக்காவின் வாயில் ஆணி இல்லாத நேரம் என்றால், அது சாப்பிடும் நேரமும் தூங்கும் நேரமும்தான். சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை அடைக்கிற பட்டறையில் இடது கை துணியை இழுத்துப் பிடித்திருக்கும், வலது கையில் சுத்தியல் இருக்கும். ஆணியைப் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதனால் ஒரு பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி உதட்டில் தலை தெரிய நிறுத்துவார். சுத்தியலின் காந்த முனையால் அதை ஒற்றி எடுத்து அடிப்பார். இந்த வித்தையைப் பார்க்க நின்று, எந்த சோபாவைக் கொடுக்க வந்தோம் என்பதையே மறந்துபோன வாடிக்கையாளர்கள் உண்டு.

வாய் நிறைய ஆணியோடு பேச்சு உதட்டோரமாகத்தான் வரும். அதையே கேட்டு வளர்ந்த அவருடைய மகள், பேசப் பழகியபோது வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு "அம்மா" என்றாள். வீடே பதறிப்போய்க் குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியது. டாக்டர் குழந்தையின் வாயைப் பார்த்தார். பிறகு விவரம் சொல்லிக்கொண்டிருந்த தாயின் வாயைப் பார்த்தார். "முதல்ல நீங்க நேராப் பேசுங்கம்மா, குழந்தை தானா நேராயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்காவின் கைவேலைக்கு ஒரு குணம் உண்டு. தேங்காய் நாரையும் பஞ்சையும் கஞ்சத்தனம் இல்லாமல் அடைப்பார். புதிதாக முடித்த இருக்கையில் உட்கார்ந்தால் பாறை மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனால் அது அமுங்கிப் பதப்பட்டுவிட்டால், இருபது வருடத்துக்குக் குழி விழாது. பதப்படுத்துவதற்கென்றே அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். 'இருத்தி எடுப்பது' என்று பெயர். தையல் முடிந்த நாற்காலியை வாசலில் போட்டுவிடுவார்கள். துணி வெட்டுபவர், தபால்காரர், தேநீர் கொண்டுவருபவர், விலை கேட்க வந்து வாங்காமல் போகிறவர் என்று யார் வந்தாலும் உட்கார வேண்டும். முதலில் கனத்த ஆள். அவர் ஸ்பிரிங்கைப் பழக்குவார். பிறகு நடுத்தரம். கடைசியில் ஒரு இடத்தில் நில்லாமல் நெளிகிற ஆள்; அவர்தான் நாரை ஓரம் வரைக்கும் சமமாகப் பரப்புவார். ஓரிரு வாரம் இப்படி ஊரார் உட்கார்ந்து எழுந்த பிறகே நாற்காலி வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்.

மகள் கல்யாணமாகிப் போன இடம் நகரத்தின் மறுகோடி. ஒரே நகரம் என்று பெயர்தான். அது வளர்ந்த வளர்ச்சியில், இந்தக் கோடியில் மழை பெய்து ஓய்ந்து துணியும் காய்ந்த பிறகுதான் அந்தக் கோடியில் குடையைத் தேடுவார்கள். போய்வர ரயில் உண்டு, மெட்ரோ உண்டு, பஸ் உண்டு. எல்லாம் இருந்தன, ஆனால் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறில் பிரிந்த பங்காளிகள் போல, ஒருவர் வாசலை மற்றவர் எட்டிப் பார்ப்பதில்லை. ரயில் சீட்டைக் காட்டினால் மெட்ரோ முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மெட்ரோ அட்டையை நீட்டினால் பஸ் கண்டக்டர் அதைச் செல்லாத நாணயத்தைப் பார்ப்பது போலப் பார்ப்பார். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டதும் பஸ் கிளம்பிவிடும், கணக்கு வாத்தியாரைத் தெருவில் கண்ட பையன் மாதிரி.

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகளைப் பார்க்கக் கிளம்பி, பாதி வழியில் ஒரு வண்டியைத் தவறவிட்டு, அடுத்ததற்குக் காத்திருந்து, போனால் திரும்பி வர வண்டி இருக்காது என்று கணக்குப் போட்டு, மகளுக்காக வாங்கிய பழத்தை ரயிலிலேயே தின்றுவிட்டு வீடு திரும்பியிருக்கிறார். ஆரம்பத்தில் மகள் "எப்பம்மா வருவே?" என்று கேட்டாள். கொஞ்ச நாளில் அது "வரப் பாரும்மா" ஆனது. இப்போது "முடிஞ்சா வாம்மா" என்கிறாள். அதில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருப்பார். அந்த 'முடிஞ்சா' முழுங்கிவிட்ட ஆணி போல உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

மகள் உண்டானது தெரிந்த அன்றே, குழந்தைக்குப் பால் கொடுக்க ஒரு நாற்காலி செய்யத் தொடங்கினார். கால் தரையில் நன்றாகப் பதியும்படி தாழ்ந்த நாற்காலி, முழங்கை இடிக்காதபடி கை இல்லாதது, முதுகு மட்டும் உயரம். ஆனால் சம்பந்தியம்மாவும் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளையின் தாயான அவர், மகன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர், பெரிய கடை ஒன்றில் கறுப்பு நாற்காலி பார்த்துவைத்திருந்தார். பக்கத்தில் இருக்கிற பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் வைக்கிற பலகை முன்னால் நீளும். இரண்டு நாற்காலியையும் போட குழந்தையின் அறையில் இடமில்லை. அது அறை என்று சொல்லிக்கொள்கிற அலமாரி. எது முதலில் வருகிறதோ அது இருக்கட்டும் என்று மாப்பிள்ளை, இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டிய எந்த ஆணும் சொல்வதைச் சொல்லிவிட்டார்.

குழந்தை யாரையும் கேட்காமல் முன்னதாகவே பிறந்துவிட்டது. சேதி கேட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூன்று வண்டி மாறிப் போய்ச் சேர்வதற்குள் பார்வையாளர் நேரம் முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். தெருவில் நின்று, மேல் மாடி ஜன்னலில் தெரிந்த பெண்ணுக்குக் கை ஆட்டினார். அவளும் குழந்தையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வீடு வந்து, குழந்தை மூக்கு நம்ம வீட்டு மூக்குதான் என்று கணவரிடம் சொன்னார். மகளுடைய அறை கட்டடத்தின் பின்பக்கம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யார் வீட்டு மூக்கோ அது.

மகள் வீடு திரும்புகிற நாளன்று, பட்டறை வண்டியில் நாற்காலியைக் கொண்டுபோகலாம் என்று இருந்தது. காலையில் வண்டி கிளம்ப மறுத்தது. டாக்சிக்காரர்கள் நாற்காலியைப் பார்த்தார்கள், போகவேண்டிய இடத்தைக் கேட்டார்கள், பதில் சொல்லாமல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குள் சம்பந்தியம்மாவின் ஃபோன் வந்தது.

"சம்பந்தியம்மா, கடை வண்டி மத்தியானத்துக்கு மேல கிளம்புதாம். அவ்வளவு தூரம் நீங்க ஏன் சிரமப்படணும்?"

"சிரமம் என்னங்க, நான் இதோ கிளம்பிட்டேன்" என்றார் அக்கா, செருப்பைக்கூட மாட்டாமல்.

சிக்கல் தூரம் மட்டுமில்லை. நாற்காலிக்கு முந்தாநாள்தான் கடைசித் தையல் போட்டிருந்தார். இருத்தி எடுக்க நேரமே கிடைக்கவில்லை. கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்த கணவரை உட்கார்த்திப் பார்த்தார். அவர் உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது, பட்டார், எழுந்தார். "பூங்காவுல சிமெண்டு பெஞ்சு இருக்கு பாரு, அது இதுக்குப் பஞ்சு மெத்தை" என்றார். பிள்ளை பெற்ற உடம்பை இதில் உட்கார வைப்பதா என்று அக்கா இருக்கையை முஷ்டியால் குத்திக் குத்திப் பார்த்தார். மகளுக்கு என்பதால் வழக்கத்தைவிட ஒரு பங்கு கூடுதலாகவே அடைத்திருந்தார். ஆனால் வீட்டிலேயே வைத்திருந்தால் அந்தக் கறுப்பு நாற்காலி உள்ளே நுழைந்துவிடும். இடத்தையாவது முதலில் பிடிப்போம் என்று, பட்டறை நாடாவால் நாற்காலியை முதுகோடு கட்டிக்கொண்டார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு நாற்காலி மனம் வெறுத்து ஊரைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"வழி நான் சொல்றேன்" என்றார் கணவர், காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு. "எல்லாம் ஃபோன்ல காட்டுது."

ரயிலில் நிற்கத்தான் இடம் இருந்தது. சந்திப்பு நிலையத்தில் இறங்கியபோது பஸ் கண்ணெதிரே நின்றது, சுவருக்கு அந்தப்பக்கம். அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்காரர்கள் தங்கள் இடத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார்கள். அது தங்களை அவமதிப்பதாக நினைத்து பஸ்காரர்களும் ஒரு சுவர் எழுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள்கூட நுழைய முடியாத சந்து. அதில் பூனைகள் வாழ்ந்தன. நகரம் முழுவதிலும் ரயிலை விட்டு இறங்கியதும் பஸ்ஸைப் பிடிக்க முடிந்த உயிர்கள் அவை மட்டும்தான். ஒரு சாம்பல் பூனை தினமும் ரயிலில் வந்து பஸ்ஸில் ஏறி மீன் சந்தைக்குப் போய்வந்தது என்று அங்கே துப்புரவு செய்பவர்கள் சொல்கிறார்கள்.

ஃபோன் அடித்தது. "இந்தா பாரு, பஸ் இப்ப உன் பக்கத்துலயே நிக்குதுன்னு காட்டுது" என்றார் கணவர்.

"நிக்குதுங்க. டிரைவர் மீசைகூடத் தெரியுது."

"அப்ப ஏறும்மா."

"சுவர் ஏறியா?"

"சுவர் காட்டலையே" என்றார்.

சுவரைச் சுற்றி, பழக்கடைகளைக் கடந்து, படி ஏறி, படி இறங்கி அந்தப்பக்கம் போனபோது பஸ் இருந்த இடத்தில் அதன் புகை மட்டும் இருந்தது. நீளமான வரிசை நின்றது. உட்கார ஒரு பெஞ்சு கிடையாது; பெஞ்சு போடுவது யார் பொறுப்பு என்ற வழக்கு இன்னும் முடியவில்லையாம். அக்கா நாற்காலியை இறக்கி வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டார். வரிசையில் ஒரு சமையல்காரர் நின்றிருந்தார். அண்டா மாதிரி உடம்பு, காலை முதல் அடுப்படியில் நின்ற கால்கள். அவர் நாற்காலியைப் பார்த்த பார்வையில் பக்தி இருந்தது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது சும்மாதானே நிக்குது?"

அக்கா தலையசைத்தார். சமையல்காரர் தம்மை மெல்ல இறக்கினார். நாற்காலிக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. வேறு யார் காதுக்கும் அது வெறும் சத்தம். அக்காவின் காதுக்கோ, புது ஸ்பிரிங் முதல்முறையாகப் படியும் சத்தம். பட்டறை வாசலில் அவர் வருடக்கணக்காகக் கேட்டது. அவர் நிமிர்ந்து அந்த வரிசையைப் பார்த்தார். கனத்தவர், ஒல்லி, நடுத்தரம், நெளிகிறவர். பட்டறையில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தாலும் கிடைக்காத கூட்டம், ஒரே இடத்தில், போக வண்டியில்லாமல், கால் கடுக்க நிற்கிறது. அதுவரை திட்டித் தீர்த்த போக்குவரத்தை அக்கா அப்போதுதான் முதல்முறையாகக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அண்ணே, எழுந்திரிக்காதீங்க. நல்லா அழுத்தி உட்காருங்க. அப்படியே ஒருதடவை எழுந்து, தொப்புன்னு உட்காருங்க" என்றார்.

சமையல்காரர் இப்படி ஒரு உபசாரத்தை மாமியார் வீட்டில்கூடக் கண்டதில்லை.

அதற்கப்புறம் கதை வேகம் பிடித்தது. கனத்த ஆட்களைக் கூப்பிடுவதில் ஒரு நுணுக்கம் வேண்டியிருந்தது. நீங்கள் குண்டாக இருக்கிறீர்கள், வந்து உட்காருங்கள் என்று யாரையும் அழைக்க முடியாது. "ரொம்ப நேரமா நிக்கிறீங்களே, முகமே வாடிப்போச்சு" என்று ஆரம்பிப்பார். வாடாத முகங்களும் அதைக் கேட்டவுடன் வாடிக் காட்டின. மூட்டை சுமப்பவர் ஒருவர் மூட்டையோடேயே உட்கார்ந்தார். அதை அக்கா இரண்டு ஆளாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அடுத்த பஸ் வந்தும், தங்கள் முறை வராத இரண்டு பேர் உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று ஏறாமல் நின்றுவிட்டதாகக் கேள்வி.

பஸ் மெட்ரோ நிலையத்தில் விட்டது. அங்கே காவலாளி, சாமான் அளக்கிற இரும்புச் சட்டத்தைக் காட்டி, நாற்காலி இதற்குள் நுழைந்தால்தான் அனுமதி என்றார். கால்கள் இடித்தன. அக்கா கருவிப் பையைத் திறந்து, காவலாளி வாயைத் திறப்பதற்குள் நான்கு கால்களையும் திருகிக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். மீதி சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போனது. "வெளியில வந்ததும் காலை மாட்டிப்பீங்கல்ல?" என்று காவலாளி சந்தேகமாகக் கேட்டார். "உங்க காலா சார், பயப்படுறீங்க?" என்றார் அக்கா. கடைசியில் காவலாளியும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்.

மெட்ரோவில் கால் இல்லாத நாற்காலியைத் தரையில் போட்டதும், ஒரு இளம் தாய் இடுப்பில் குழந்தையோடு தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். குழந்தை ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் பாய்ந்தது, தாயின் மடியைக் குதிரையாக்கி ஓட்டியது. அக்கா அதன் கன்னத்தைக் கிள்ளினார். தாயும் பிள்ளையும் சேர்ந்த எடை, நெளிகிற எடை. மகளுக்கு வேண்டிய அளவுக்கு நாரைப் பரப்ப இதைவிடத் தோதான ஆள் வேறு இல்லை. அவர்கள் இறங்கிய பிறகு உள்ளங்கையால் இருக்கையை அழுத்திப் பார்த்தார். இன்னும் ஒரு ஆள், நடுத்தர எடையில், நிதானமாக உட்காருகிற ஒரே ஒரு ஆள் போதும்.

மெட்ரோவின் கடைசி நிலையத்துக்கு 'இணைப்பு நிலையம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதோடு இணைப்பு என்று எழுதவில்லை. மகள் வீட்டுப் பக்கம் போகும் பஸ்ஸின் நிலையம், ஒரு பெரிய கடைக் கட்டடத்தையும் அதன் வாகன நிறுத்தத்தையும் சுற்றிவந்தால் தொலைவில் தெரிந்தது. அக்கா மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். பஸ் நின்றது, கதவு திறந்திருந்தது, பயணிகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் மட்டும் கீழே நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய இருக்கையின் ஸ்பிரிங் உடைந்து மாதக்கணக்கில் குத்துகிறதாம். அக்கா நாற்காலிக்குக் கால்களை மாட்டி வைத்தார். டிரைவர் கேட்கவேயில்லை. உட்கார்ந்தார்.

முனகல் இல்லை. மூச்சு விடுகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம், அவ்வளவுதான். நாற்காலி டிரைவரை வாங்கிக்கொண்டது. அவர் முகத்தில் மாதக்கணக்கான சிடுசிடுப்பு ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது. "அம்மா" என்று யாரையோ நினைத்துச் சொன்னார். கண்ணை மூடினார். குறட்டை கிளம்பியது.

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாற்காலி பதப்பட்டுவிட்டது, இதைவிட நல்ல சான்று எந்த அதிகாரியும் எழுதித் தரமுடியாது. ஆனால் பஸ்ஸை ஓட்டவேண்டிய ஆள் அதில்தான் தூங்குகிறார். கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் குறட்டையின் சுருதியை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார். பயணிகள் இறங்கி வந்து பார்த்தார்கள். எழுப்பலாம் என்று ஒரு கட்சி. பாவம், தூங்கட்டும், ஸ்டீயரிங்கில் தூங்குவதற்கு இங்கே தூங்குவது மேல் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது. அதற்குள் பெரிய கடையின் பெயர் போட்ட வண்டி ஒன்று, கூண்டுக்குள் கறுப்பாக எதையோ வைத்துக்கொண்டு, அந்தச் சாலையில் அக்காவைக் கடந்து போனது.

அக்கா அதைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். அவரை எழுப்பிவிட ஒரு குலுக்கு போதும். ஆனால் தன் கைவேலையில் நிம்மதியாகத் தூங்குகிற ஒருவரை எழுப்ப இந்தப் பிறவியில் அவருக்குக் கை வராது. வண்டி போய்ச் சேரட்டும் என்று பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

டிரைவர் கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டார். அக்காவை முதல் சீட்டிலும் நாற்காலியை அதற்குப் பக்கத்திலும் ஏற்றி, வழியில் இருந்த நிறுத்தங்களை எல்லாம் ஒரு மாதிரியாக அனுசரித்து, மகள் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார். பயணிகளில் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே கூடத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள், தோளில் துணிச்சுருளாகக் குழந்தை. மாப்பிள்ளை குழந்தையின் அறைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டிருந்தார். கதவு கையளவு திறந்து, அதற்குமேல் அசைய மறுத்தது. அதன் பின்னாலிருந்து சம்பந்தியம்மாவின் குரல் வந்தது. நடந்தது இதுதான்: கறுப்பு நாற்காலி வந்து இறங்கியதும், சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவர் உட்கார்ந்து பிடியை இழுத்திருக்கிறார். முதுகு சாய்ந்தது. கால் பலகை நீண்டு, போய்க் கதவில் முட்டிக்கொண்டது. பிடி சிக்கிவிட்டது. நாற்காலி மடங்கினால்தான் கதவு திறக்கும். யாராவது உள்ளே வந்தால்தான் நாற்காலியை மடக்க முடியும். சம்பந்தியம்மா காலை நீட்டி, கூரையைப் பார்த்தபடி, தாம் வாங்கிய வசதியில் சிறைப்பட்டிருந்தார்.

மகள் திரும்பினாள். தோளில் தூங்குகிற குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று, உதட்டை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு ஓரமாகக் கிசுகிசுத்தாள்.

"வந்துட்டியாம்மா?"

ஆணி வாய்ப் பேச்சு. இத்தனை வருடம் கழித்து, அதே கோணல். உள்ளே முழுங்கிக் கிடந்த அந்தப் பழைய ஆணி எங்கே போனது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "வந்துட்டேன்டி" என்று அவரும் உதட்டோரமாகவே சொல்லி, நாற்காலியைக் கூடத்தின் நடுவில் வைத்தார். "உட்காரு."

மகள் பயந்து பயந்துதான் உட்கார்ந்தாள். அம்மாவின் புது மெத்தைகளை அவள் அறிவாள். பிறகு புருவம் உயர்ந்தது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. பாதம் தரையில் பதிந்தது. "என்னம்மா பண்ணினே இதை?" என்றாள்.

"நான் எங்கடி பண்ணினேன், ஊரே பண்ணிச்சு" என்று சொல்லத் தொடங்கி, சமையல்காரர் வரைக்கும் வந்தபோது மகள் தூங்கிவிட்டிருந்தாள். குழந்தை அவள் மார்பில் சரிந்தது. அக்கா குனிந்து அதன் மூக்கைப் பார்த்தார். நம்ம வீட்டு மூக்கு இல்லை. அப்பட்டமாக சம்பந்தியம்மாவின் மூக்கு. இருந்துவிட்டுப் போகட்டும், பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"யாராவது இருக்கீங்களா?" என்று, மாப்பிள்ளை தச்சரைத் தேடி ஓடிய பிறகு தனியாக விடப்பட்ட மூக்கின் சொந்தக்காரர் உள்ளிருந்து குரல் கொடுத்தார்.

அக்கா கதவு இடுக்கில் வாயை வைத்தார். "மெதுவாப் பேசுங்க சம்பந்தியம்மா, பிள்ளைங்க ரெண்டும் தூங்குது."

"தூங்கிட்டாளா?" உள்ளே குரல் உடனே தணிந்தது. "மூணு நாளாக் கண்ணே மூடலையே அவ. அப்ப நான் இப்படியே இருக்கேன், எனக்கொண்ணும் அவசரமில்ல."

அந்த ஒரு பேச்சில், காலை முதல் அக்கா மனசுக்குள் சேர்த்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாகிவிட்டன. பையிலிருந்து முழ நீள மெத்தை ஊசியை எடுத்தார். வயிறு தரையில் பட இடுக்கோரம் படுத்து, கால் பலகைக்கு அடியில் ஊசியை விட்டுத் துழாவினார். ஸ்பிரிங் எங்கே மாட்டியிருக்கும் என்பது அவர் விரலுக்குத் தெரியும். கொக்கி விடுபட்டது. பலகை மெல்ல மடங்கியது. கதவு திறந்தது. சம்பந்தியம்மா கலைந்த தலையோடு வெளியே வந்து, கூடத்தில் நாற்காலியில் தூங்குகிற இருவரையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கறுப்பு சனியன் எங்க வீட்டு டிவிக்கு முன்னாடி போயிடட்டும். இவ எழுந்ததும் நான் ஒரு தடவை இதுல உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேட்டார்.

"நீங்க உட்காராம எப்படிங்க? ஊர்ல பாக்கி நீங்க ஒருத்தர்தான்."

வந்த கதையை, ஃபோன் காட்டாத சுவர் உட்பட, சம்பந்தியம்மாவுக்குக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது அக்காவின் ஃபோன் பையில் உறுமியது. கணவர். வாசலிலேயே ஒரு பஸ் நிற்கிறதாம், இப்போது பிடித்தால் மெட்ரோ, ரயில் எல்லாம் வரிசையாக இருக்கிறதாம், எல்லாம் காட்டுகிறதாம். வாழ்க்கையில் முதல்முறையாக ஃபோன் சரியாகச் சொன்னது. ஜன்னல் வழியே பார்த்தால், அந்த டிரைவர் அக்கா திரும்பி வருவாரோ என்று வண்டியைத் திருப்பி நிறுத்திக் காத்திருந்தார். அக்கா பையின் வாரைத் தேடிக் கையை நீட்டினார்.

சம்பந்தியம்மா ஃபோனை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணா, நான்தான் பேசுறேன். இங்க பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சு. இனிமே அடுத்த வாரம்தான்."

"காட்டுதேம்மா..." என்றது ஃபோன்.

"உங்க ஃபோன்ல என்ன வேணா காட்டும் அண்ணா. சுவர் காட்டுச்சா?"

வெளியே பஸ் ஒருமுறை ஹாரன் அடித்தது. சம்பந்தியம்மா போய் ஜன்னலை மெதுவாகச் சாத்தினார்.